எட்டணா மலிவான பெட்ரோல்

காலை எட்டரை மணிக்கு எரியோட்டிலிருந்து காரை எடுத்தேன். காந்திகிராமத்தில் எனக்கு வேலை; தினமும் போகிற பாதைதான். அன்று பக்கத்தில் என் கணவரின் தங்கை செல்வி உட்கார்ந்திருந்தாள். சின்னாளபட்டியில் ஒரு சேலைக் கடையில் கணக்கு எழுதும் வேலைக்கு அவளை நேரில் பார்த்துப் பேச வரச் சொல்லியிருந்தார்கள். பத்து மணிக்கு மேல் வந்தால் பார்க்க மாட்டேன் என்று முதலாளி போனிலேயே சொல்லிவிட்டார்.

பெட்ரோல் விலை விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. காலை ஆறு மணிக்கு விலை மாறும். பல் துலக்குவதற்கு முன் செல்போனில் பார்த்துவிடுவேன். மாறாத நாளிலும் பார்ப்பேன். எங்கள் பக்கத்துக்குப் பெட்ரோல் மதுரைப் பக்கமிருந்து லாரியில் வருகிறது. லாரி ஓடும் தூரம் கூடினால் விலையும் சில காசு கூடும். அன்று எரியோட்டில் லிட்டர் 102 ரூபாய் 10 காசு.

"மதினி, முள்ளு செவப்புக்கு வந்துருச்சு. இங்கயே போட்ருவோமா?"

"செத்த பொறு. திண்டுக்கல்லுல கொறைவு."

ஒன்பதேகாலுக்குத் திண்டுக்கல். பங்க் பலகையில் 101.85.

"பாத்தியா?" என்று சொல்லிவிட்டு வண்டியை நிறுத்தாமல் போனேன். இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டரில் 101.60க்குக் கிடைக்கும்.

"நிறுத்தலேன்னா எதுக்கு பாத்தியான்னு கேட்டீக?" என்றாள் செல்வி.

மதுரை சாலையில், இருக்கிற பெட்ரோலை மிச்சப்படுத்த ஏசியை அணைத்து ஜன்னலை இறக்கினேன். படிய வாரியிருந்த அவள் தலைமுடி காற்றில் கலைந்தது. சான்றிதழ் ஃபைலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்தபடி வந்தாள். எனக்குப் பயமில்லை. என் வண்டி என்னைக் கைவிடாது என்று தெரியும்.

கைவிடவும் இல்லை. ஒன்பது நாற்பதுக்குப் பங்க் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். விலையும் நான் சொன்ன 101.60தான். ஆனால் வாசலில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. உள்ளே டேங்கர் லாரி.

"லோடு இறங்குதுக்கா. முக்கா மணி நேரத்துக்கு யாருக்கும் போட மாட்டோம்" என்றார் பங்க் ஊழியர்.

அடுத்த பங்க்குக்குப் போகலாம் என்று திருப்பினேன். வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "நாலு மாசமா அலைஞ்சு கெடச்சது மதினி. எட்டணாவுக்காக இப்படிப் பண்ணிட்டீகளே."

நடுரோட்டுக்கே போய்க் கையைக் காட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தினேன். நூறு ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்து அவளை ஏற்றிவிட்டேன். வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

லோடு இறங்கி முடிந்ததும் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய் டேங்கை நிரப்பிக்கொண்டேன். மிச்சம் பிடித்தது பதினைந்து ரூபாய். அலுவலகத்துக்குப் போன் போட்டு, வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு நேரே சின்னாளபட்டிக்கு ஓட்டினேன். கடை வாசலில் செல்வி சிரித்துக்கொண்டு நின்றாள்.

"அஞ்சு நிமிசம் முன்னாடியே போய்ட்டேன். வேலை கெடச்சிருச்சு! நாளையிலருந்து தெனமும் உங்க கூடத்தான் வாரேன்."

"வா, வா. வழியெல்லாம் விலை நெலவரம் சொல்லித் தாரேன்."

"வேணாம் சாமி!" என்று கும்பிட்டாள்.

இப்போதும் அதே பங்க்கில்தான் போடுகிறேன். அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் சாயங்காலம், ஊர் திரும்பும்போது. முள் பாதிக்கு இறங்கினாலே செல்வி "மதினி, நிறுத்துங்க" என்று சொல்லிவிடுகிறாள். பலகையில் விலை என்ன என்று பார்க்கக்கூட விடுவதில்லை.