கெர்ஸ்டனின் மெக்கானிக்

ஹின்ரிக் ஓன்கனுக்கு உயரம் என்றாலே ஆகாது. மாமனார் வீட்டுக் கூரையில் ஓடு மாற்ற ஏணியில் ஏறியவர், பாதியிலேயே கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிட்டார். வடமேற்கு ஜெர்மனியில் அவருடைய லேர் ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. அப்படிப்பட்டவரைத்தான் விமானப் படை எடுத்துக்கொண்டது. மோட்டார் சைக்கிள் கடையில் பழகிய கை அவருடையது. எஞ்சின் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது.

"நீங்க என்ன பறக்கவா போறீங்க? பறக்கிறவனோட வண்டியைத் துடைக்கத்தானே போறீங்க" என்று சொல்லித்தான் மனைவி கேஷே ரயில் ஏற்றிவிட்டாள்.

1940 கோடையில் பிரான்சின் வடகரையில், ஆப்பிள் தோட்டத்தை ஒட்டிய ஒரு புல்வெளியில் அவருக்கு ஒரு போர் விமானமும் அதை ஓட்ட ஒரு இளம் அதிகாரியும் ஒப்படைக்கப்பட்டார்கள். அதிகாரியின் பெயர் லோத்தர் கெர்ஸ்டன். துரிங்கியாவில் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரின் மகன். ஓன்கனைவிட ஆறேழு வயது சின்னவர், ஒல்லி, அதிகம் பேசாதவர். இங்கிலாந்தின் மேல் பறந்துவிட்டு எதையும் வீழ்த்தாமல் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

ஒரு நாள் விமானம் வந்து நின்றது, விமானி அறையின் மூடியும் திறந்தது, ஆள் மட்டும் இறங்கவில்லை. ஓன்கன் இறக்கையில் ஏறிப் பார்த்தார். கெர்ஸ்டன் மடியெல்லாம் வாந்தி எடுத்து உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

கீழே இருந்து பிக்லர் கத்தினான். விமானத் துப்பாக்கிகளைக் கவனிக்கும் ஆஸ்திரியாக்காரன் அவன், வாய் ஓயாது. "என்னப்பா, இறங்க மாட்டேங்கிறாரு? பல்லக்கு அனுப்பணுமா?"

ஓன்கன் குறுக்கே நின்று மறைத்துக்கொண்டார். "பெட்ரோல் குழாய் ஒழுகிடுச்சு. மேலெல்லாம் கொட்டியிருக்கு. நீ அந்த சிகரெட்டோட கிட்ட வராதே!"

துணியை நனைத்து அவரே துடைத்துவிட்டார். கெர்ஸ்டன் பல்லைக் கடித்துக்கொண்டு, "நாளைக்கும் இப்படித்தான் ஆகும் போல இருக்கு" என்றார்.

"நாளைக்கும் துணி இருக்குய்யா."

அன்றிலிருந்து அந்த இருவருக்கும் இடையே ஒரு பிடிப்பு ஏற்பட்டது. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

கோடை முடிவதற்குள் கெர்ஸ்டனுக்குக் கை வந்துவிட்டது. புல்வெளியின் மேல் தாழ்வாகப் பறந்து இறக்கைகளை ஆட்டினால் ஒரு விமானத்தை வீழ்த்தியிருக்கிறார் என்று பொருள். ஓன்கன் வெள்ளைச் சாயத்தை எடுத்து வால் சிறகில் ஒரு கோடு போடுவார். முதல் கோட்டைப் போட்டபோது, தன் பெயரையே எழுதுகிற மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு போட்டார். கோடுகள் பெருகின. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கெர்ஸ்டன் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் நாடெங்கும் வந்தது. அதன் ஓரத்தில் ஒரு முழங்கையும் ஒரு கந்தல் துணியும் தெரிந்தன. அது தன் முழங்கைதான் என்று ஓன்கன் கேஷேவுக்கு எழுதினார். சுட்டது கெர்ஸ்டன் என்றாலும், எஞ்சின் ஓடாமல் எப்படிச் சுட்டிருப்பார் என்கிற பெருமை ஓன்கனுக்கு இருந்தது.

கெர்ஸ்டனை வேறு படைப்பிரிவுக்கு மாற்றியபோது, "ஓன்கனும் என்கூட வரணும், இல்லேன்னா எனக்கு மாற்றலே வேண்டாம்" என்று தளபதியிடம் சொல்லிவிட்டார். அடுத்த மாற்றலிலும் அப்படியே. சிசிலியின் புழுதி, பிறகு ருஷ்யாவின் சேறு. ருஷ்யாவில் கெர்ஸ்டனுக்கே ஒரு படைப்பிரிவைக் கொடுத்தார்கள். கழுத்தில் பதக்கம் தொங்கியது. பிக்லரும் எப்படியோ ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தான்.

1943 கோடையில் ஒரு பகல். விமான தளத்துக்குப் பக்கத்திலேயே கெர்ஸ்டன் ஒரு ருஷ்யத் தாக்குதல் விமானத்தை வீழ்த்தினார். விமானி பாராசூட்டில் குதித்துச் சூரியகாந்தி வயலில் விழுந்தார். லுகோனின் என்று பெயர், கேப்டன். இடது கை வெந்திருந்தது. கெர்ஸ்டன் அவருக்குக் கட்டுப் போடச் சொல்லி, தன் மேஜையில் உட்கார வைத்து வாத்துக் கறியும் பிராந்தியும் கொடுத்தார். வீழ்த்தியவனும் விழுந்தவனும் சேர்ந்து சாப்பிடுவது விமானிகளுக்குள் ஒரு பெருமை. சாப்பாடு முடிந்ததும் தன் விமானத்தைக் காட்ட அழைத்து வந்தார். மொழிபெயர்க்க, ரிகாவிலிருந்து வந்த ஒரு சார்ஜென்ட் கூட நின்றான்.

லுகோனின் விமானத்தை அதிகம் பார்க்கவில்லை. நேராக வால் பக்கம் போனார். கோடுகளை விரலால் தடவிக்கொண்டே வந்து ஏதோ கேட்டார்.

"இதுல நான் எதுன்னு கேக்கிறாரு" என்றான் சார்ஜென்ட்.

கெர்ஸ்டன் சிரித்தார். "இன்னும் போடலேன்னு சொல்லு. நம்ம ஓவியர் இதோ நிக்கிறாரு."

லுகோனின் திரும்பி ஓன்கனைப் பார்த்தார். நிதானமாகத்தான் பேசினார்.

சார்ஜென்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "அவருக்குப் பின்னாடி ஒருத்தன் உக்காந்து சுட்டுக்கிட்டு இருந்தானாம். அவன் குதிக்கலே. அவனுக்கும் ஒரு கோடு உண்டா, இல்லே ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணுதானான்னு கேக்கிறாரு."

விமானத்துக்கு ஒரு கோடு என்பதுதான் விதி. அதற்குள் எத்தனை பேர் என்பது கணக்கில் வராது. இத்தனை வருஷம் கோடு போட்டவருக்கு அது ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

"விமானத்துக்கு ஒண்ணுதான்" என்றார் ஓன்கன் கடைசியில்.

லுகோனின், பதில் கிடைத்துவிட்டது என்பது போலத் தலையசைத்தார். அன்று மாலை அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சில வாரம் கழித்து, புரொப்பெல்லர் ஒன்றை வாங்கி வர ஓன்கன் ரயில் நிலையத்துக்குப் போனார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் முள்கம்பி போட்டு, வெட்டவெளியில் கைதிகளை அடைத்து வைத்திருந்தார்கள். கூரை இல்லை. புல்லைக்கூடப் பிடுங்கித் தின்றுவிட்டதால் தரை மொட்டையாகக் கிடந்தது. கட்டுப் போட்ட கையை வைத்துத்தான் லுகோனினை அடையாளம் தெரிந்தது. காலில் பூட்ஸ் இல்லை. ஓன்கன் தன் பையிலிருந்த ரொட்டியைப் பிய்த்துக் கம்பி வழியே நீட்டினார். லுகோனின் அதைப் பிடித்ததும் காவல்காரன் துப்பாக்கிக் கட்டையால் அந்தக் கையிலேயே அடித்தான். ஓன்கனிடம் கோபமே இல்லாமல், "ஏன்யா எனக்கு வேலை வைக்கிறே?" என்றான்.

தளத்துக்குத் திரும்பியதும் ஓன்கன் கெர்ஸ்டனிடம் பார்த்ததையெல்லாம் சொன்னார். கெர்ஸ்டன் போனை எடுத்து நாலு இடத்தில் பேசினார். பதக்கத்துக்கு மரியாதை கொடுத்துப் பேசினார்களே தவிர, வேலை நடக்கவில்லை. மறுநாள் காரை எடுத்துக்கொண்டு அவரே போனார். முள்கம்பி இருந்தது, ஆட்கள் இல்லை. மேற்கே அனுப்பிவிட்டதாகச் சொன்னார்களாம்.

"ஓன்கன், இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் என்கிட்ட சொல்லாதீங்க. நான் நாளைக்குப் பறக்கணும்" என்றார்.

"நான் யார்கிட்டய்யா சொல்றது?"

கெர்ஸ்டன் கூடாரத்துக்குள் போய்விட்டார்.

அடுத்த தடவை இறக்கையை ஆட்டிக்கொண்டு விமானம் வந்தபோது, ஓன்கன் சாய டப்பாவை பிக்லரிடம் நீட்டினார்.

"என்னப்பா, ஓவியருக்குக் கோபமா?" என்றான் பிக்லர்.

"கை நடுங்குது. நீ போடு."

"எஞ்சினுக்குள்ளே ஊசி ஊசியா நூறு திருகு மாட்டுறே. அங்கே நடுங்கலியா?"

"அங்கே நடுங்கலே."

பிக்லர் டப்பாவை வாங்கிக்கொண்டான். கெர்ஸ்டன் அதைப் பார்த்தார். கோணலாக விழுந்த கோட்டையும் பார்த்தார்.

மறு வருஷம் அவர்களைத் தாய்நாட்டுக்கே திருப்பி அழைத்தார்கள். ஓல்டன்பர்க் பக்கம் ஒரு தளம். லேரிலிருந்து கேஷே ஆப்பச்சட்டி அளவு பெரிய கேக்கோடு சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போகிற தூரம்தான். ஆனால் படைப்பிரிவில் பழைய முகங்களே இல்லை. புதிதாக வந்தவர்களுக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. விமானத்தை மேலே ஏற்றக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். மேகத்துக்குள் பறக்கவும், தரை தெரியாதபோது இறக்கவும் கற்றுக்கொடுக்க நேரம் இருந்திருக்கவில்லை. ஓன்கன் அவர்களின் பெயர்களைக் கற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டார்.

நவம்பரில் ஒரு காலை. பனிமூட்டம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. உடனே எழும்பும்படி கட்டளை வந்தது. கெர்ஸ்டன் போனில் கத்துவது வெளியே வரை கேட்டது. "இந்தப் பனியில மேலே போனா இவங்களுக்கு இறங்கத் தெரியாது! குண்டு போட வர்றவன் சுட வேண்டாம், தரையே அவங்களைக் கொன்னுடும்!" மறுமுனையில் இருந்தவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம்: கோழை. கெர்ஸ்டன் போனை வைத்துவிட்டு வந்து விமானத்தில் உட்கார்ந்தார்.

பட்டையை இறுக்கிக்கொண்டே ஓன்கன் கேட்டார். "எஞ்சின்ல கோளாறுன்னு எழுதட்டுமாய்யா?"

"என்னோடதுக்கா? நான் போகலேன்னா இவங்க தனியாப் போவாங்க. எல்லா விமானத்துக்கும் எழுத முடியுமா?"

"எல்லாத்துக்கும் எழுதினா நம்ம ரெண்டு பேரையும் சுவத்தோரமா நிக்க வச்சுச் சுட்டுருவாங்க. ரெண்டுக்கு எழுதலாம். சந்தேகம் வராது."

கெர்ஸ்டன் கண்ணாடிக்கு அப்பால் வரிசையைப் பார்த்தார். "எந்த ரெண்டுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. என்னால முடியாது."

ஓன்கன் வரிசையை ஒட்டி நடந்தார். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? அழுகிற மாதிரி இருந்தவனையா? கல்யாணம் நிச்சயமானவனையா? பெயர்கூடத் தெரியாதே. கடைசியில் வரிசையில் கடைசியாக நின்ற இரண்டின் எஞ்சினையும் அணைக்கச் சொல்லிக் கையசைத்தார். அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை.

அந்த இரண்டு விமானிகளில் ஒருவன் குதித்து ஓடி வந்து அவர் சட்டையைப் பிடித்தான். "என் எஞ்சின்ல ஒரு குறையும் இல்லே! என்னைக் கோழைன்னு நினைப்பாங்க! கிழட்டு மடையா, உனக்குக் காது கேக்காதா?"

"ஆயில் ஒழுகுது. தள்ளிப் போ தம்பி."

மற்றவர்கள் எழும்பிப் பனிக்குள் மறைந்தார்கள். பாதிப் பேர் திரும்பவில்லை. கெர்ஸ்டன் வழி தெரியாமல் சுற்றியவர்களில் சிலரைத் தன் வாலைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லிக் கீழே இறக்கிவிட்டு, கடைசியில் பெட்ரோல் தீர்ந்து பீட்ரூட் வயலில் விழுந்தார். இடுப்பு எலும்பு நொறுங்கியது. அவருடைய போர் அத்தோடு முடிந்தது. ஓன்கன் கைவைத்துத் தடுத்த இருவரில் சட்டையைப் பிடித்தவன் மறுவாரமே இறந்தான். இன்னொருவன் பிழைத்தானா என்பது ஓன்கனுக்குக் கடைசிவரை தெரியாது.

ஓன்கன் ஆங்கிலேயர்களின் கைதி முகாமில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். சைக்கிள் கடை வைத்தார். பிறகு டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறையானது. 1956இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல கோட்டுப் போட்ட ஒருவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கெர்ஸ்டன்தான்.

கேஷே தேநீர் கொடுத்தாள். கற்கண்டு, அதன் மேல் தேநீர், அதன் மேல் பாலாடை. அந்தப் பக்கத்து வழக்கப்படி, போதும் என்றால் கோப்பைக்குள் கரண்டியைப் போட வேண்டும். கெர்ஸ்டனுக்கு அது தெரியாது. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள், அவர் மரியாதைக்குக் குடித்துக்கொண்டே இருந்தார்.

"புது விமானப் படை ஆரம்பிக்கிறாங்க" என்றார் கெர்ஸ்டன். "என்னைக் கூப்பிட்டிருக்காங்க. பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்க. நீங்களும் வாங்க ஓன்கன். எல்லாம் ஜெட். நீங்க கண்ணால பார்த்திராத எஞ்சின்."

ஓன்கன் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் வரலேய்யா."

"என் மேல கோபமா?"

"உங்க மேல இல்லே. எஞ்சின் நல்லா ஓடணும், அது ஒண்ணுதான் எனக்குக் குறியா இருந்துச்சு. எதுக்கு ஓடுதுன்னு யோசிக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிடுச்சு. மறுபடியும் அவ்வளவு நாள் தாமதமா யோசிக்க எனக்கு வயசு இல்லே."

"நான் மட்டும் முன்னாடியே யோசிச்சேன்னு நினைக்கிறீங்களா?"

"மேலே இருந்துக்கிட்டு யோசிச்சா விழுந்திருப்பீங்க. கீழே நின்ன எனக்குத்தான் நேரம் இருந்துச்சு."

கெர்ஸ்டன் சிரிக்க முயன்றார், முடியவில்லை. "இந்த 'ஐயா'வையாவது விட்டுடு. லோத்தர்னு கூப்பிடு" என்றார்.

"சரி..." ஓன்கன் வாயைத் திறந்தார், மூடினார். "சரிங்கய்யா."

கேஷே சிரித்துவிட்டாள். பிறகு இரக்கப்பட்டு, கெர்ஸ்டனின் கரண்டியை எடுத்து அவளே கோப்பைக்குள் போட்டாள்.

கெர்ஸ்டன் படையில் சேர்ந்து கர்னலாக ஓய்வு பெற்றார். ஆண்டுதோறும் புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். கேஷே பதில் போடுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கெர்ஸ்டனின் கார் கிளம்பிப் போன பிறகு அவள் கணவரிடம் கேட்டாள்: "நெஜமாவே போகணும்னு தோணலியா?"

"அந்த ஜெட் எஞ்சினை ஒரு தடவை திறந்து பார்க்கணும்னு தோணுச்சு" என்றார் ஓன்கன். "தோணலேன்னு சொன்னா பொய்."

மறுநாள் திங்கட்கிழமை. அறுவடை நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டறை வாசலில் அவருக்கு முன்னாலேயே விடியலில் இரண்டு டிராக்டர்கள் வந்து நின்றன.