மலையில் குழந்தைகளைக் கூட்டிப்போக இடங்கள்

கணவருக்குக் கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது எங்கள் மகளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. ஒரு சொல்கூடப் பேசவில்லை. ராசிபுரம் பக்கம் தோட்டம் துரவு என்று இருந்த எங்கள் குடும்பத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவங்கப்பனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான். நீ எதுக்குக் கண்ணு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கற?" என்றார் மாமியார். மற்றவர்கள், "நாலு புள்ளைங்களோட உட்டாத் தன்னால பேசும்" என்றார்கள். செலவில்லாத வைத்தியம் என்றால் ஊரே சொல்லும்.

அந்த நாலு பிள்ளைகளுக்கு மலையில் நான் எங்கே போவது? செம்மேட்டில் நாங்கள் இருந்த வீட்டைச் சுற்றி எப்போதும் பனிமூட்டம். மலைப் பெண்கள் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குப் போய்விடுவார்கள். பால்வாடியில் மூன்று வயதாகட்டும் என்றார்கள். நானும் மகளும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்போம். நான் வேறெங்காவது பார்த்துப் பேசினால், இரண்டு கைகளாலும் என் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். இப்படி ஒரு பாசம் எந்தப் பிள்ளைக்கு உண்டு என்று உருகிப்போவேன். மலையில் இடி கூரைமேலேயே விழுவதுபோல இருக்கும். அதற்கும் அசையாமல் தூங்குவாள். தைரியசாலி என்று போனில் எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

கல்யாணத்துக்கு முன்பு நான் கம்ப்யூட்டர் படித்தவள். அந்தச் சான்றிதழ் பட்டுப்புடவைகளோடு பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. செம்மேட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்ததும் எனக்குள் ஏதோ துள்ளியது. மலையில் சின்னக் குழந்தைகளை எங்கெங்கே கூட்டிப்போகலாம் என்று ஓர் இணையப் பக்கம் செய்யத் தொடங்கினேன். பால்வாடியில் எடை பார்க்கும் நாள், தடுப்பூசி போடும் நாள், படகுத்துறைப் பக்கத்து ஊஞ்சல், ஒரு படி உடைந்த சறுக்குமரம் என்று விசாரித்து விசாரித்துச் சேர்த்தேன். கடைசியில் என் பங்குக்கு ஒன்றை எழுதினேன்: 'வியாழக்கிழமை காலை, வாசலூர்பட்டி ஏரிக்கரை. அம்மாக்களும் குழந்தைகளும் கூடுவார்கள்.' அதுவரை அங்கே யாரும் கூடியதில்லை. எழுதிவிட்டால் கூடிவிடுவார்கள் என்று நம்பினேன்.

மழை பெய்தால் லைன் போய்விடும். லைன் இருந்தால் கரண்ட் இருக்காது. எல்லாம் முடிந்து பக்கம் இணையத்தில் ஏறிய அன்று, "மலையில ஒரு ஊட்டுலயும் கம்ப்யூட்டர் இல்ல. யாரு படிக்கறதுக்கு, கொரங்குங்களா?" என்று கணவர் கேட்டார். அவர் சொன்னது சரி என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. பிரிண்ட் எடுத்துப் பால்வாடியிலும் ரேஷன் கடையிலும் டீக்கடையிலும் ஒட்டினேன். இனி யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது.

வியாழக்கிழமைதோறும் பாய், பந்து, பிஸ்கட் சகிதம் ஏரிக்கரைக்குப் போனேன். இலவு காத்த கிளிதான். சுற்றுலா வந்தவர்கள் மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். தூரம் போய்விட்ட படகுகளைப் படகுத்துறைக்காரர் விசில் ஊதித் திருப்பிக் கூப்பிடுவார். மழைக்காலம் போய்க் குளிர் வந்தது. ஒரு தாய்கூட எட்டிப்பார்க்கவில்லை. எனக்கு அந்த மலையே கசந்தது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் காடு வைத்திருந்த பெண் ஒருநாள் மரவள்ளிக்கிழங்கு கொடுக்க வந்தாள். வாங்கிக்கொள்ளாமல் வெடித்துவிட்டேன். "உங்க புள்ளைங்க எம்புள்ளையோட வெளையாண்டாக் கொறஞ்சா போயிருவீங்க?"

அவள் திகைத்துப்போனாள். "ஏனுங்க, நீங்க வந்து கூப்புடவே இல்லீங்களே. எழுதி ஒட்டியிருக்கறதப் பால்வாடி டீச்சர் படிச்சுச் சொன்னாங்க. ஒட்டுனாக் கூப்புட்டதாயிருமுங்களா? கூப்புடாத எடத்துக்கு எப்படீங்க வாரது? பஸ்ஸுல போறப்பெல்லாம் பாப்பாவோட நீங்க தனியா ஒக்காந்திருக்கறதப் பாப்போமுங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்குமுங்க."

என் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பிவிட்டார்கள் என்று என் சொந்தப் பெரியப்பாவே கல்யாணத்துக்கு வரவில்லை. அந்த வீட்டில் பிறந்த எனக்கு இதை ஒருத்தி சொல்லித்தர வேண்டியிருந்தது. மறுநாளே குங்குமச்சிமிழோடு கிளம்பினேன். காதுகுத்துக்கு அழைப்பதுபோல ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "வியாழக்கிழமை அவசியம் வந்தரோணுங்க" என்றேன். "வாரோமுங்க, சாமி" என்றார்கள்.

வந்தார்கள். வேகவைத்த கிழங்கும் கைக்குழந்தைகளுமாகக் கரை நிறைந்தது. மகள் அந்தக் கூட்டத்துக்குள் ஓடிப்போய் உட்கார்ந்து மண் அள்ளினாள். மலைக்கு வந்தபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அப்போது விசில் சத்தம் கேட்டது. எல்லாக் குழந்தைகளும் சட்டென்று ஏரியைப் பார்த்தன, தவழ்கிற குழந்தை உட்பட. என் மகள் மட்டும் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மண்ணை மாற்றிக்கொண்டிருந்தாள். மறுபடி விசில். குழந்தைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது, திரும்பித் திரும்பிச் சிரித்தன. என் மகள் அவர்கள் முகங்களைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள்.

எழுந்து அவள் பின்னால் போய் நின்று பெயரைச் சொன்னேன். பிறகு கத்தினேன். கரையிலிருந்த அத்தனை பெண்களும் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை.

எத்தனை வியாழக்கிழமை அந்த விசிலை அவளை மடியில் வைத்துக்கொண்டே கேட்டிருப்பேன். திரும்பிப் பார்க்கப் பக்கத்தில் வேறொரு குழந்தை இருந்ததில்லை.

சேலத்தில் பரிசோதித்தார்கள். பிறவியிலேயே காது கேட்கவில்லை என்றார்கள். கேட்காததால்தான் பேச்சு இல்லை என்றார்கள். பஸ் ஒவ்வொரு வளைவாக மலையேறியபோது, மகள் என் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அது பாசம் மட்டுமில்லை என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. என் உதடு அசையவேண்டும் என்று காத்திருந்தாள்.

அந்த இணையப் பக்கத்தை அதன்பிறகு நான் திறக்கவில்லை. இப்போது இருக்கிறதோ இல்லையோ.

சேலத்திலிருந்து திரும்பிய மறுநாள் காலை கதவைத் திறந்தேன். பின்காட்டுப் பெண், பால்வாடி டீச்சர், ஏரிக்கரைக்கு வந்திருந்த அத்தனை பேரும் பனியில் நின்றுகொண்டிருந்தார்கள். நல்லதுக்குக் கூப்பிட்டால்தான் போகவேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகவேண்டும் என்பது கீழேயும் மேலேயும் ஒரே வழக்கம். அன்று நான் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை.