தண்ணீர் ஊற்ற வந்தவர்

ஐம்பதுகளில் ஒரு கோடையில் உறையூரில் எங்கள் தெருவெங்கும் பெரியம்மை பரவியது. என் மூன்று வயது மகளுக்கும் போட்டுவிட்டது. கணவர் வெளியூரில் இருந்தார். பயத்தில் யாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

மூன்றாம் நாள் குடிதண்ணீர் தீர்ந்தது. அப்போது ஒருவர் கதவைத் தட்டினார். முகமெல்லாம் அம்மைத் தழும்பு, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அவரைக் கண்டாலே நாங்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொள்வோம்.

தாழ்ப்பாளைப் பிடித்தபடியே, "என்ன வேணும்?" என்றேன்.

"குடத்தைக் குடுங்கம்மா. எனக்கு வந்து போயிடுச்சு, இனிமே வராது. இன்னும் ஏழெட்டு வீட்டுக்கு ஊத்துறேன்."

தினமும் வந்தார். அவர் தண்ணீர் ஊற்றும் வீடுகள் கூடிக்கொண்டே போயின. பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஏனென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

என் மகள் பிழைத்தாள். அவளுக்குத் தலைக்கு ஊற்றிய அன்று அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.

"எதிர்வீட்டுல தட்டுனா சத்தமே இல்லைங்க. கொஞ்சம் வாங்க" என்றார்.

போனேன். அவர் தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். அந்த வீட்டு அம்மாள் தரையில் மயங்கிக் கிடந்தார். மூச்சு மட்டும் இருந்தது. நான் அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்; தழும்பு முகக்காரர் சொட்டுச் சொட்டாக வாயில் தண்ணீர் விட்டார்.