ஒரகடம் எந்த கிளாஸில் இருக்கிறது?

பொங்கல் முடிந்த கையோடு, 2015 ஜனவரியில், ஒரகடம் பக்கத்துச் சேரப்பணஞ்சேரிக்குப் போய் வந்தேன். பழைய ரூம்மேட் இசக்கி அங்கே வீடு கட்டிக் குடிபோகிறான். கோவில்பட்டிக்காரன். போகாமல் இருக்க முடியுமா?

தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் படப்பை. அங்கே ஷேர் ஆட்டோ. "இன்னா சார், பிளாட் பாக்க வந்துகினியா?" என்றார் டிரைவர். எங்களை மாதிரி கம்பெனி ஆட்களை இப்போது பிளாட் வாங்குகிறவர்களாக நினைக்கிறார்கள், பாருங்கள்!

2009இல் நாங்கள் ஒரகடத்தில் ஓர் அமெரிக்கக் கம்பெனியில் ஒரே உற்பத்தி லைனில் வேலை பார்த்தோம். குடல்வால் ஆபரேஷன் முடிந்து இசக்கி திரும்பினால், வேலை இல்லை என்றார்கள். தங்கைக்கு நிச்சயமான நேரம் அது. சூப்பர்வைசர் சொன்னார்: "இது அமெரிக்கா கம்பெனிப்பா. அங்க காரணமே சொல்லாம வூட்டுக்கு அனுப்பலாம். இங்கயும் அந்தச் சட்டம்தான்." கம்பெனி கேட்டுக்கு உள்ளே அமெரிக்கா என்று நாங்களும் நம்பித் தொலைத்தோம்.

பயிற்சி கொடுக்க வந்திருந்த டேவிட் என்ற அமெரிக்கர், வாசல் டீக்கடைக்கு வருவார். என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டேன்: அமெரிக்கச் சட்டம் இதற்கு என்ன சொல்கிறது?

"எந்தச் சட்டம்?" என்று சிரித்துவிட்டு, காலி டீ கிளாஸ்களை பெஞ்சில் வரிசையாக வைத்தார். முதலாவது அரசியல் சாசனம், எல்லாவற்றுக்கும் மேல். அடுத்தது அவர்கள் நாடாளுமன்றம் போடும் சட்டம். அதற்கடுத்து அரசுத் துறைகள் போடும் விதிகள். பிறகு ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிச் சாசனம், தனிச் சட்டம். கடைசி கிளாஸ் கோர்ட் தீர்ப்புகள். அங்கே அதுவும் சட்டம்தானாம். காரணம் சொல்லாமல் அனுப்புவது பெரும்பாலும் இந்தக் கடைசி கிளாஸிலிருந்து வந்ததாம். ஒரு மாநிலத்தில் அதுகூடச் செல்லாதாம்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல, இசக்கி கிளாஸ்களையே முறைத்துக்கொண்டிருந்தான். "இதுல நம்ம ஒரகடம் எந்த கிளாஸ்ல இருக்குன்னு கேளுல."

கேட்டேன். டேவிட்டின் சிரிப்பு நின்றது. "எதிலும் இல்லை" என்றார்.

அப்படியென்றால் இங்கே நம் ஊர்ச் சட்டம்தானே? அவ்வளவுதான். மறுநாளே இசக்கி தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனான். அலைந்தான், திட்டு வாங்கினான், விடவில்லை. தங்கை கல்யாணத்துக்கு முன் லைனுக்குத் திரும்பிவிட்டான்.

போகிறவர்களுக்கு: ஷிப்ட் விடும் நேரத்தைத் தவிருங்கள், ஷேர் ஆட்டோவில் கால் வைக்க இடமிருக்காது. அந்த டீக்கடையைத் தேடாதீர்கள். சாலையை அகலப்படுத்தியதில் போய்விட்டது.

இசக்கியின் புது வீட்டில் பால் காய்ச்சி, எல்லோருக்கும் பேப்பர் கப்பில் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் அவன் ஒரு பழைய டீ கிளாஸை நீட்டினான். அந்த டீக்கடையை இடிக்கும்போது கேட்டு வாங்கி வந்தானாம்.

"பிடில. இதான் நம்ம ஒரகடம்."