தொண்ணூறு இலட்சமும் என் வாயும்

எனக்குச் சொந்தமில்லாத ஒரு வீட்டுக்கு நான் விலை சொன்னேன். அதுமட்டுமா, குறைத்துக் கேட்ட மனிசனைக் கேற்றுவரை விரட்டியும் விட்டேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவன் நான். என்னிடம் படித்தவர்கள் இதை வாசித்தால் தாராளமாகச் சிரிக்கலாம். புள்ளி குறைக்கும் அதிகாரம் இப்போது என்னிடம் இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணுடையது. கலியாணம் முடித்த ஆம்பிளை உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கல்முனையில், கடற்கரைப் பக்கமுள்ள இந்த வீட்டுக்கு நானும் அப்படி வந்தவன்தான். மாமனார் தன் மகளுக்குக் கட்டிக்கொடுத்தது. வந்தவன் சும்மா இருந்தேனா? கடைகளில் மிஞ்சிய டைல்ஸை மலிவாக வாங்கி ஹோலில் மூன்று நிறத்தில் பதித்தேன். மேல்மாடி கட்டுகிறேன் என்று கொங்கிறீட் படிக்கட்டு ஒன்றும் வைத்தேன். படிக்கட்டு முடிந்த அன்றே காசும் முடிந்தது. வானத்துக்குப் போகும் படிக்கட்டு எங்கள் ஊரில் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. இத்தனையும் செய்ததில், வீடு என்னுடையது என்று ஓர் எண்ணம் எனக்குள் மெல்ல மெல்ல ஊறிவிட்டது.

விற்க வேண்டி வந்தது இளைய மகளுக்காக. மூத்தவளுக்கு முன்னமே ஒரு வீடு கொடுத்தாயிற்று. இளையவளுக்கென்று மாவடிப்பள்ளியில் கட்டத் தொடங்கிய வீடு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தோடு நின்றுபோனது. நிக்காஹ்வுக்கோ நாள் குறித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் போனில் எங்கள் எல்லாருடைய சுகத்தையும் விசாரித்துவிட்டுக் கடைசியில், "கூர போட்டாச்சா?" என்று மெல்லக் கேட்பார்கள். கூரை ஏறாவிட்டால் நாள் தள்ளிப்போகும். தள்ளிப்போன கலியாணங்களில் சில திரும்பி வராமலே போனதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

தரகர் ஒரு துணிக்கடைக்காரரைக் கூட்டிவந்தார். அவர் எல்லா அறையையும் பார்த்தார். படிக்கட்டில் ஏறி, மேலே ஒன்றும் இல்லாததைக் கண்டு, மெதுவாக இறங்கி வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"சேர், தொண்ணூறு இலட்சம் எண்டா முடிப்பம்."

நான் சொல்லியிருந்தது ஒன்றரைக் கோடி.

"தொண்ணூறா? தம்பி, அந்தப் படிக்கட்டுக்கே காணாதே அது!"

"படிக்கட்டு எனக்குத் தேவையில்ல சேர். அத உடைக்கிற கூலியையும் கழிச்சித்தான் சொன்ன நான். கடலுக்கும் கிட்ட. சுனாமிக்குப் பிறகு இஞ்சால ஆர் எடுக்கிற?"

கடலைச் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பேன். படிக்கட்டைத் தொட்டுவிட்டார்.

"எழும்புங்க தம்பி! சும்மா தந்தாலும் தருவன், தொண்ணூறுக்குத் தரமாட்டன்!"

சரி, சும்மாவே தாங்க என்று அவர் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நல்ல மனிசன், கேட்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். கேற்றடியில் செருப்பை மாட்டும்போதுதான் கேட்டார்:

"வீட்டு உறுதிப் பத்திரம் ஆர்ர பேரில சேர்?"

வாயைத் திறந்தேன். தரகர் பக்கத்து வளவுத் தென்னையில் காய் எண்ணத் தொடங்கினார்.

"அது... பொஞ்சாதிர பேரில."

"அப்ப ராத்தாட்டக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

என் மனைவியை அக்கா முறை வைத்து ராத்தா என்று சொல்லிவிட்டு, அவர் மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். உள்ளே வந்தால் மனைவி மிஞ்சிய தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏன் அவர வெரட்டின நீங்க?"

"மரியாத இல்லாமக் கேட்டான்."

"மரியாதயால கூர போடேலுமா?"

பிறகு மூன்று வாரம் ஒரு குருவியும் எட்டிப் பார்க்கவில்லை. வந்த ஒரே ஒருவரும் ஹோலின் மூன்று நிறத்தைப் பார்த்துவிட்டு, "இஞ்ச மூணு குடும்பமா இருந்த?" என்று கேட்டுப் போனார். மேசன் வேறு, தான் அடுத்த வேலைக்குப் போகப்போவதாகச் செய்தி அனுப்பினார். அசர் தொழுதுவிட்டு வரும்போது அந்தத் துணிக்கடை வழியைத் தவிர்த்து, இரண்டு ஒழுங்கை சுற்றி வீட்டுக்கு வந்தேன். போன் அடித்தால், மாப்பிள்ளை வீடோ என்று அதை மனைவி பக்கம் தள்ளிவிடுவேன்.

மனைவிதான் தரகரைப் பிடித்து அந்தக் கடைக்காரரைத் திரும்பவும் வரவைத்தாள். அன்று எனக்கு உத்தரவு சுருக்கம்: "நீங்க கதைக்கப்படாது. தேத்தண்ணி மட்டும் கொண்டாங்க."

தட்டோடு நின்றேன். அவள் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"தம்பி, வீடு ஆருக்கு எடுக்கீங்க?"

"கொமருக்குத்தான் ராத்தா. ஒரு மகள் இரிக்கி."

"மாப்பிள பேசி முடிஞ்சா?"

"ஓம். ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு கலியாணம்."

"அப்ப புதுசாக் கட்ட உங்களுக்கு நேரமில்ல. காத்திருக்க எனக்கும் நேரமில்ல. இவர் சொன்ன ஒண்டர கூடத்தான். நீங்க சொன்ன தொண்ணூறு காணாது. ஒரு கோடியே இருவது தாங்க. பாதிக் காசு இந்தக் கிழம வேணும், கூரைக்கு. அங்க கூர ஏறுமட்டும் நாங்க இஞ்ச இரிப்பம். படிக்கட்ட இவரே உடைச்சித் தருவார்."

நான் தட்டோடு திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தேன்.

"ஒண்டு பத்து, ராத்தா."

"ஒண்டு பதினஞ்சு. அதுக்குக் கீழ எண்டா மகள்ர வீட்டுக்கு ஜன்னல் இல்ல."

கடைக்காரரும் பெண்ணைப் பெற்றவர்தானே. "சரி ராத்தா, அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சேர், அந்தத் தேத்தண்ணியத் தாங்களன்" என்றார். ஓடிப்போய்க் கொடுத்தேன். அன்று பகல்தான் மூன்று வாரத்துக்குப் பிறகு எனக்குச் சோறு சோறாக ருசித்தது. இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

கூரைக்கு மரம் ஏறிய அன்று நானும் மனைவியும் ஓட்டோவில் மாவடிப்பள்ளிக்குப் போனோம். மேசன் மேலே நின்று சலாம் சொன்னார். மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப நானே நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தேன். கூரை ஏறிய சந்தோஷத்தில் வாய் மறுபடியும் திறந்துகொண்டது.

"இஞ்ச பாருங்க, முன்னறைக்கு நல்ல காத்து வருது. அத நான் எடுக்கட்டா?"

கூரையில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"மகள்ட்டக் கேளுங்க."