கழுவாத உருண்டைகள்

கன்றுக்குட்டி இறைச்சி, பாலில் ஊறிய பேக்கரிப் பாண், பச்சை முட்டை, எண்ணெயில் கிடந்த நெத்தலி. இந்த நாலையும் ஒரே சட்டியில் போட்டுக் கையால் பிசைய வேண்டும் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. வாசித்த உடனே, காலையில் நான் சாப்பிட்டது தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

தாள் அக்காவுடையது. நியூசிலாந்தில், ஓக்லாந்தின் மங்கரே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அங்கே கூட வேலை செய்த ஜெர்மன்காரரைக் கட்டப் போகிறேன் என்று வீட்டில் சொல்லி ஆறு மாதமாகியிருந்தது. அம்மா அதற்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இதற்கிடையில் அவருடைய தாய் மூன்று கிழமைக்கு ஓக்லாந்து வந்து இறங்கிவிட்டார். முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா நண்டுக் கறி வைத்தார். அந்த மனுசி ஒரு வாய் வைத்ததும் உறைப்பில் முகமெல்லாம் தக்காளியாகி, சோற்றை அப்படியே தள்ளி வைத்துவிட்டார். அம்மாவுக்கு அது பெரிய அவமானம். அவரோடு மேசையில் இருக்காமல் சாமியறைக்குள் போய்விட்டார். எங்கள் ஆட்களுக்குச் சம்பந்தம் சரி என்பது ஒரு மேசையில் இருந்து சாப்பிடுவதில்தான். அது நடக்கவில்லை.

அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டு அம்மாவிடம் போனாள்.

"அம்மா, அவையின்ர ஊர் இறைச்சி உருண்டையை நான் சமைக்கிறன். நீங்கள் அவவோட இருந்து ஒரு உருண்டை சாப்பிடுவியளோ?"

"மாடு எண்டால் எங்கட வாசல் படலை தாண்டக் கூடாது."

"ஆடு போடுறன்."

"வடிவாக் கழுவோணும். கழுவாத இறைச்சி என்ர வாய்க்குள்ள போகாது. கழுவினால் சாப்பிடுறன்."

ஆக, அக்காவின் கல்யாணம் ஒரு உருண்டையில் வந்து நின்றது.

சமையல் கராஜில். நாங்கள் இருக்கிற பிளாட் புஷ்ஷில் எங்களைப் போன்றவர்களின் பாதி வீடுகளில் கராஜுக்குள் இன்னொரு அடுப்பும் குழாயும் இருக்கும். கருவாடு, நண்டு, மணக்கிற எல்லாம் அங்கேதான். ஜெர்மனியையும் அம்மா அங்கேதான் அனுப்பினார்.

"அத்தானுக்கு எத்தினை உருண்டை?" என்று கேட்டேன்.

"வாயைப் பொத்திக்கொண்டு இறைச்சியைக் கழுவு" என்றாள் அக்கா. இரண்டு பெட்டி அரைத்த ஆட்டிறைச்சி வாங்கி வைத்திருந்தாள்.

ஒரு பெட்டியை அரிதட்டில் கொட்டிக் குழாயைத் திறந்தேன். மஞ்சள் போட்டு மூன்று தரம் கழுவினேன். அரிதட்டின் ஓட்டைகளால் இறைச்சி புழுப் புழுவாக நெளிந்து வந்தது. கொழுப்பு உருகின மெழுகுதிரி மாதிரி விரல் இடுக்கெல்லாம் ஒட்டியது. அதோடு பாலில் ஊறின பாணைப் பிசைந்தபோது என் கையை என் கை என்று ஒத்துக்கொள்ளவே மனம் வரவில்லை. பிறகு நெத்தலி. வெயிலில் காய்ந்த நெத்தலி மரியாதையான சாமான். எண்ணெயில் கிடந்தது, யாரோ சப்பித் துப்பினது போல இருந்தது.

பொரிக்கலாம் என்றேன். இல்லையாம், கொதிநீரில் அவிக்க வேண்டுமாம். அக்கா ஒவ்வொன்றாக இறக்கினாள். குளிக்கப் போன உருண்டைகள் திரும்பி வரவில்லை. மஞ்சளும் சாம்பலுமாக நுரை பொங்கி, மேலே கொழுப்பு மிதந்தது.

"அக்கா, கூழ் ரெடி. ஊத்திக் குடிக்கப் பிலாவிலை வெட்டட்டோ?"

அவள் சிரிக்கவில்லை. அத்தானுக்கு ஃபோன் எடுத்தாள். ஸ்பீக்கரில் அவர் ஆங்கிலத்தில் கேட்டது எனக்கும் கேட்டது: "கழுவினீங்களா? அரைச்ச இறைச்சியையா? ஏன்?"

அக்கா ஃபோனை வைத்துவிட்டு அரிசிச் சாக்கின் மேல் குந்தினாள். மணி நாலரை. ஆறு மணிக்கு அத்தானும் தாயும் வந்துவிடுவார்கள்.

"கழுவினால் உடையும். கழுவாட்டி அம்மா சாப்பிடமாட்டா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்னடா சொல்லுறாய்?" என்று கேட்டாள்.

என்னிடம் யோசனை கேட்கும் அளவுக்கு அக்கா வந்துவிட்டாள் என்பதே எனக்குப் பயமாக இருந்தது. இரண்டாவது பெட்டியைக் கிழித்தேன். அடியில் இரத்தம் குடித்து ஊதின ஒரு பஞ்சுத் துண்டு கிடந்தது. அதை எடுத்து எறிந்துவிட்டு, கழுவாத இறைச்சிக்குள் இரண்டு கையையும் விட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பிசைந்தேன். இரண்டு தரம் ஓங்காளித்தேன். இந்த உருண்டைகள் கொதிநீருக்குள் உடையாமல் கல் மாதிரி நின்றன.

வெண்ணெய், மா, கிரீம் எல்லாம் போட்டு அக்கா ஒரு வெள்ளைக் குழம்பு வைத்தாள். பால் குடித்த குழந்தை தோளில் கக்கினதை அள்ளிச் சூடாக்கினால் அப்படித்தான் இருக்கும். அதற்குள் உப்புத் தண்ணீரில் ஊறின ஏதோ பச்சை மொட்டுகளைக் கொட்டினாள். பார்வைக்கு அச்சொட்டாக ஆட்டுப் புழுக்கை.

அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கராஜ் வாசலில் வந்து நின்றார்.

"கழுவினனியோ தம்பி?"

"மூண்டு தரம். மஞ்சளும் போட்டனான்."

கழுவினது குப்பை வாளிக்குள் கிடந்தது. வாளியின் மூடியில் அக்கா ஏறி இருக்காத குறை.

ஆறு மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். மனுசி தட்டில் தன் ஊர் உருண்டைகளைக் கண்டதும் சிரித்தபடி கையை நெஞ்சில் வைத்தார். அம்மா அவருக்கு நேர் எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு உருண்டையைக் கையால் பிட்டு, வாயில் வைத்து மெதுவாக மென்றார். அக்கா கையில் கரண்டியோடு நின்றபடி அம்மாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உருண்டை இறங்கியது.

"உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. ஆனால் மெத்தெண்டு இருக்கு."

மனுசி என்னவென்று கேட்டார். "நல்லா இருக்காம்" என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் உடனே இன்னொன்றை எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தார். அம்மா தட்டை இழுக்கவில்லை. அதையும் சாப்பிட்டார்.

பிறகு மனுசி என் பக்கம் திரும்பி, வளருகிற பிள்ளை என்று மூன்று வைத்தார். அக்கா என்னைப் பார்த்தாள். பிசைந்தவனுக்குத்தான் தெரியும் அதற்குள் என்ன இருக்கிறது என்று. மூன்றையும் கூட வைத்த உருளைக்கிழங்கு மசியலுக்குள் புதைத்து, மெல்லாமல் விழுங்கினேன். பிறகு கராஜுக்குப் போய் ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து அரைவாசியைத் தின்றேன்.

கல்யாணம் நடந்தது. இப்போது அத்தான் வீட்டுக்கு வருகிற நாளெல்லாம் அம்மா உருண்டை வைக்கச் சொல்கிறார். "தம்பி கழுவட்டும். அவன் கழுவினால்தான் சுத்தம்."

நான் கராஜுக்குப் போவேன். வெறும் அரிதட்டைக் குழாய்க்குக் கீழே பிடித்து, உள்ளே அம்மாவுக்குக் கேட்கும்படி தண்ணீரைத் திறந்துவிடுவேன். நிறுத்தி, திறந்து, மூன்று தரம்.