வாட்டிய பீடி

பெட்டிக்கடைக்காரிக்கு இரண்டு வாய் வேண்டும். ஒன்று "இந்தாங்க சிகரெட்" என்று சொல்ல, இன்னொன்று "விட்டுத்தொலைங்களேன்" என்று சொல்ல. கேரளத்து ஏலமலையில், சாந்தன்பாறையில் கடை போட்டிருக்கும் எனக்கு இருப்பதோ ஒன்று. கல்லாவில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டும் சகோதரிகளுக்கு என் பாடு புரியும்.

புது விலை

புகையிலைக்கு வரி கூடி விலை ஏறிய அன்று, எஸ்டேட் ஸ்டோரில் ஏலக்காய் காயவைக்கும் மரியதாஸ் அண்ணன் பழைய விலைக்கே காசை நீட்டினார். ஏற்றியது டெல்லியில், நானில்லை என்றேன். நீட்டிய கையை அவர் எடுக்கவில்லை.

"நான் திருந்தணும்னு தினம் ஜெபிக்கிறியே தங்கச்சி, இனிமே அதை டெல்லிக்காரங்களுக்கு மாத்திவிடு."

நெருப்பில்லாத சிகரெட்

பக்கத்தில் என்ன வாசம் இருந்தாலும் ஏலக்காய் இழுத்துக்கொள்ளும். ஸ்டோருக்குள் பீடி வாசம் வந்தால் வேலை போய்விடும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதனால் அண்ணன் பீடி குடிக்க மேட்டிலிருந்து என் கடைக்கு இறங்கி வருவார்.

துபாயிலிருந்து லீவில் வந்த அண்ணனின் மகன், பேனா மாதிரி ஒரு மெஷினும் அதில் செருகக் குட்டிச் சிகரெட்டுகளும் கொடுத்துப் போனான். நெருப்பு கிடையாது, சூடு மட்டும். இங்கே அதை விற்கக் கூடாதாம். டெல்லி வரி தன்னைத் தொடாது என்று அண்ணனுக்கு ஒரே பெருமை. ஸ்டோருக்குள்ளேயே இழுக்க ஆரம்பித்தார். அதுவும் புகையிலைதானே என்று கேட்டேன்.

"நான் ஏலக்காயை எரிக்கவா செய்றேன்? வாட்டத்தான செய்றேன். இதுவும் அப்படித்தான் தங்கச்சி."

முதலாளியின் மூக்கு

குட்டிச் சிகரெட் தீர்ந்தது. அங்கேயும் வரி போட்டு விலை எகிறிவிட்டது, அனுப்ப முடியாது என்று மகன் போனில் கைவிரித்துவிட்டான். அண்ணன் சும்மா இருப்பாரா? என்னிடம் வாங்கிய பீடியைப் பாதியாக வெட்டி மெஷினில் திணித்திருக்கிறார். இலை கருகி ஸ்டோரெல்லாம் நாற்றம். அந்த நேரம் பார்த்து முதலாளி நுழைந்திருக்கிறார்.

ஒரு பிடி ஏலக்காயோடு இருவரும் கடைக்கு வந்தார்கள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பீடி வாசம் அடிக்கிறதா என்று மோந்து சொல்லுங்கள் சேச்சி, அதைப் பொறுத்துத்தான் இவருக்கு வேலை என்றார் முதலாளி. மாதாவே, பொய் சொல்லவும் முடியாது. இந்தக் கடையில் நின்றால் எனக்குச் சோப்பும் பீடியாகத்தான் மணக்கும், உங்கள் சட்டையும் அப்படித்தான் மணக்கிறது முதலாளி என்றேன். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உள்ளே இருந்தது என் கடைச் சிகரெட் பாக்கெட்.

"சரி, மரியதாஸ் வேலையில இருக்கட்டும், மெஷின் சேச்சி கையில இருக்கட்டும். எனக்கு ஒரு சிகரெட் தாங்க, பழைய விலைக்கு."

இப்போது மெஷின் மாதா படத்துக்குக் கீழே காவலில் இருக்க, முதலாளியும் அண்ணனும் என் கடை வாசலில் புது விலைக்கே புகைவிட, நான் ஜெபிக்க வேண்டிய ஆள் ஒன்று கூடியதுதான் மிச்சம்.